கிழங்கு நிறமும் வறுத்த மா நிறமும்: ஒன்றுபோலத் தோன்றிய இரண்டு சுவர் நிறங்களை ஒப்பிட்ட பதிவு

சென்ற மாசி மாதத்தில் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் உள்ள ஒரு பெயின்ற் கடையில் இருந்து இரண்டு நிற அட்டைகளை எடுத்துக்கொண்டு உரும்பிராய்க்குத் திரும்பியபோது, அவற்றில் ஒன்றைத் தெரிவு செய்து முடிக்க ஆனி மாதம் வரை செல்லும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. இரண்டும் வெண்மையை ஒட்டிய வெம்மையான நிறங்கள். ஒன்றை மேசையில் வைத்துவிட்டு மற்றதைத் தனியே காட்டினால், எது எதுவென்று வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அன்று மாலை அம்மா விறாந்தையில் இருந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அட்டைகளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அவிச்ச கிழங்கு, அது வறுத்த சிவப்பரிசிமா. இரண்டும் ஒண்டுதானே பிள்ளை, ஏதாவது ஒண்டை அடிச்சு விடு" என்றார். கடைக்காரர் தந்த இலக்கங்களை விட அம்மா இட்ட பெயர்கள் பொருத்தமாக இருந்ததால், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவை கிழங்கு, மா என்றே அழைக்கப்படுகின்றன. இப்பதிவிலும் அவ்வாறே எழுதுகிறேன்.

பூச வேண்டியிருந்தது அம்மம்மாவின் காலத்துக் கல்வீட்டின் ஹோல். பதினாறடி நீளமும் பதினாலடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட அறை அது. கிழக்கே விறாந்தைக்குத் திறக்கும் வாசல். வடக்கே இரண்டு யன்னல்கள், அவற்றுக்கு வெளியே கூட்டித் துப்புரவாக வைத்திருக்கும் செம்மண் முற்றம். தரை சிவப்புச் சீமெந்து. பல தலைமுறைக் கால்கள் பட்டுக் கண்ணாடிபோல மினுங்கும் தரை. சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் பூசப்பட்டவை. அவற்றின் மேல் ஆண்டுதோறும் அடித்த வெள்ளையும், இடையில் ஒரு காலத்தில் அடித்த மஞ்சள் டிஸ்ரெம்பரும் அடுக்கடுக்காகக் கிடந்தன. இந்த விவரங்களை நான் முதலில் வெறும் பின்னணியாகவே கருதினேன். நிறத்தைத் தீர்மானித்தவை இவையே என்பது பிறகு விளங்கியது.

முதலில் செய்த பிழையைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு லீற்றர் கலந்து வாங்கி வந்து, பழைய மஞ்சள் சுவரிலேயே ஒன்றரை அடிச் சதுரமாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே ஒரு பூச்சுப் பூசினேன். மா நிறம் மெல்லிய ரோசாச் சாயலோடு இனிமையாகத் தெரிந்தது. கிழங்கு நிறம் அழுக்குப் படிந்த பச்சைபோலத் தெரிந்தது. வீட்டில் எல்லோரும் மா நிறத்தையே விரும்பினார்கள், நானும் விரும்பினேன். ஆனால் அந்தச் சோதனை எதையும் நிறுவவில்லை. ஒரு பூச்சில் அடியில் உள்ள மஞ்சள் ஊடுருவித் தெரியும். சுற்றியுள்ள பழைய மஞ்சள், நடுவில் உள்ள புதிய நிறத்தைத் தன் எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளும். இரண்டு சதுரங்களும் தொட்டுக்கொண்டு இருந்ததால், ஒன்றின் சிவப்புச் சாயல் மற்றதன் பச்சைச் சாயலை மிகைப்படுத்திக் காட்டியது.

இந்த இறுதி விடயம் புதியதல்ல. பிரான்சின் கோபலின் நெசவுசாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரோல் என்னும் இரசாயனவியலாளர், சில சாயங்கள், குறிப்பாகக் கறுப்பு, நெய்த பின் வலுவிழந்து தெரிகின்றன என்ற முறைப்பாட்டை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களில்தான் இருக்கிறது என்று கண்டு, 1839 இல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். இரண்டு நிறங்கள் அருகருகே இருக்கும்போது கண் அவற்றின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுகிறது. நெருங்கிய இரண்டு நிறங்களுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியவர்களுக்கு இது ஒரு கண்ணியும் ஒரு கருவியும் ஆகும். அருகருகே வைத்தால் எந்த நிறத்தில் எந்த உட்சாயல் இருக்கிறது என்று தெரியும். ஆனால் அறையில் அந்த நிறம் தனியே இருக்கும்போது எப்படித் தெரியும் என்பதை அது சொல்லாது. ஆகவே இரண்டு பார்வைகளையும் வேறு வேறாகச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பலகைகளுக்கு மாறினேன். மூன்றடிக்கு இரண்டடி அளவில் ஹார்ட்போட் துண்டுகள் நான்கு வெட்டுவித்து, எல்லாவற்றிலும் பிறைமர் என்னும் வெள்ளை அடிப்பூச்சு ஒரு தடவை அடித்து, காய்ந்த பின் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பலகைகள் என்று இரண்டு பூச்சுப் பூசினேன். விளிம்பில் வெள்ளை இடைவெளி விடாமல் ஓரம் வரை பூசினேன். வெள்ளைக் கரை இருந்தால் எந்த நிறமும் உள்ளதை விடக் கடுமையாகத் தெரியும். எமல்சன் (நீர் கலந்த சுவர்ப் பூச்சு) ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள பிசின் பால்போல இருப்பதால் நிறம் வெளிறித் தெரியும், காயக் காயக் கருகும். அதனால் ஒரு நாள் முழுவதும் காய விட்ட பின்னரே பார்த்தேன். பலகைகளைத் தரையில் கிடத்திப் பார்ப்பதில் பயனில்லை. தரையில் கிடப்பது கூரையின் வெளிச்சத்தை வாங்கும், சுவரில் நிற்பது யன்னலின் வெளிச்சத்தை வாங்கும். எனவே ஆணி அடித்து, கண் உயரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு சுவரில் இருந்து அடுத்த சுவருக்கு மாற்றினேன்.

காலை ஏழு மணி, நண்பகல், பின்னேரம் நான்கு மணி, விளக்கு ஏற்றும் நேரம், இரவு எட்டு மணி என்று ஐந்து நேரங்களில் பார்த்து ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். முற்றத்தில் இருந்து நேராக உள்ளே வந்து பார்க்கும் முதல் அரை நிமிடத்தையே நம்பினேன், ஏனெனில் அறைக்குள் சிறிது நேரம் இருந்துவிட்டால் கண் அந்த வெம்மைக்குப் பழகி, அதைச் சாதாரண வெள்ளையாகவே எடுத்துக்கொள்ளும். பலகைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசியைப் பிடித்துப் பார்ப்பதும் உதவியது. வெறும் பலகையைப் பார்க்கும்போது "கிறீம்" என்று மட்டுமே சொல்லத் தோன்றும் நிறம், கடதாசிக்குப் பக்கத்தில் பச்சைக்குச் சாய்கிறதா, சிவப்புக்குச் சாய்கிறதா என்று தன் போக்கை உடனே வெளிப்படுத்தியது.

மாசியில் எழுதிய குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மா இதமாக இருக்கிறது, கிழங்கு மங்கலாக இருக்கிறது. நண்பகலில்கூடக் கிழங்கு நிறப் பலகையில் ஒரு சாம்பற் பச்சை தங்கியிருந்தது. அந்த நேரத்திலேயே மா நிறத்தை வாங்கி அடித்திருப்பேன். சுவரில் இருந்த வேலைதான் என்னைத் தடுத்தது.

உள்ளங்கையால் சுவரைத் தடவினால் கை வெள்ளையாகிவிடும் நிலையில் பழைய சுண்ணாம்பு பொடிந்துகொண்டிருந்தது. அப்படியான சுவரில் எமல்சனை அடித்தால் அது சுவரைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும். சில மாதங்களில் தோலாக உரியும். அயலில் இருந்து பெயின்ரர் அண்ணை ஒருவர் வந்து வழி காட்ட, நானும் தம்பியும் தண்ணீர் தெளித்து ஊற வைத்துச் சுரண்டுவது, கம்பிப் பிறஷால் தேய்ப்பது, துடைப்பது என்று மூன்று வார இறுதிகளைக் கழித்தோம். தெற்குச் சுவரின் அடியில் ஒன்றரை அடி உயரத்துக்கு உவர் பூத்திருந்தது. அதை ஈரம் படாமல் உலர்ந்த பிறஷால் தட்டி அகற்றினோம், ஏனெனில் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். உதிர்ந்த இடங்களை அண்ணை சீமெந்தால் அடைக்க விடவில்லை. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தின் வழியாக ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருப்பதால், இறுக்கமான சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தை மேலே ஏற்றி வேறோர் இடத்தில் உடைக்கும் என்பது அவர் கருத்து. சுண்ணாம்பும் மணலும் கலந்தே பூசினார். புதிய பூச்சு கடுங் காரத்தன்மை உடையது. அது காய்ந்து அடங்க நான்கு வாரங்களுக்கு மேல் விட்டோம். அதன் பின் காரத்தைத் தாங்கும் பிறைமர் ஒரு பூச்சு. இதற்குள் சித்திரை கடந்து, வைகாசியும் பாதியாகிவிட்டது.

பிறைமர் அடித்த வெள்ளைச் சுவரில் அதே பலகைகளை மறுபடி தொங்கவிட்டபோது எனக்கு முதலில் திகைப்பே ஏற்பட்டது. நண்பகலில் மா நிறம் செங்கல் தூளைப் பாலில் கரைத்ததுபோலச் சிவந்து நின்றது. மாசியில் மங்கிக் கிடந்த கிழங்கு நிறமோ, அமைதியான கிறீமாக, எந்தப் பச்சையும் இல்லாமல் இருந்தது. பலகைகள் மாறிவிட்டனவோ என்று திருப்பி, பின்பக்கத்தில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்தேன். மாறவில்லை. அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை, யன்னலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்த மண்ணைப் பாருங்கோ. அதுதான் உள்ளுக்கை வந்து நிக்குது" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எல்லாம் பொருந்தின. யாழ்ப்பாணம் ஏறத்தாழ வட அகலக்கோடு 9.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்கள் உச்சிக்கு நேரே வந்து, அதன் பின் ஓகஸ்ட் இறுதி வரை நண்பகலில் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. யூன் மாதத்தில் ஏறக்குறைய 14 பாகை வடக்குக்குச் சாய்ந்து விடுகிறது. மாசியில் சூரியன் தெற்கே இருந்ததால், வீட்டின் நிழல் வடக்கு முற்றத்தில் விழுந்து, யன்னலை ஒட்டிய ஐந்தாறு அடி மண்ணை மூடியிருந்தது. அப்போது யன்னலுக்குள் வந்தது பெரும்பாலும் வானத்தின் குளிர்ந்த வெளிச்சம். வைகாசியிலும் ஆனியிலும் சுவரின் அடி வரை மண்ணில் நேர் வெயில் விழுந்தது. தாழ்வாரம் வெயிலை யன்னலுக்குள் நேரே விடாவிட்டாலும், மண்ணில் பட்டுத் தெறித்த சிவந்த ஒளி கீழிருந்து மேலாக அறைக்குள் ஏறியது. அதனோடு சிவப்புத் தரையும் சேர்ந்துகொண்டது. வடக்குப் பார்த்த அறை குளிர்ந்து தெரியும், அதற்குச் சிவப்புச் சாயல் உள்ள நிறமே ஏற்றது என்று வெளிநாட்டு நிற வழிகாட்டிகளில் எழுதியிருப்பார்கள். நண்பகல் சூரியன் ஒருபோதும் வடக்கே வராத நாடுகளுக்கு அது சரி. ஆண்டில் நான்கு மாதத்துக்கு மேல் நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்தில் விழும் எங்கள் ஊரில், அதைப் படித்துவிட்டு நிறம் வாங்கினால் ஏமாற வேண்டிவரும்.

ஆயினும் ஏன் ஒரு நிறம் மட்டும் இவ்வளவு சிவந்தது, மற்றது ஏன் சிவக்கவில்லை என்ற கேள்வி இருந்தது. விடை, ரின்களின் மூடியில் ஒட்டியிருந்த சிறிய துண்டில் இருந்தது. கடையில் இயந்திரம் வெள்ளை மூலப் பூச்சுக்குள் எந்தச் சாயத்தை எவ்வளவு விட்டது என்பதை அந்தத் துண்டில் அச்சிட்டுத் தருகிறது. அதில் உள்ள குறியீடுகளுக்குப் பொருள் கேட்டு எழுதிக்கொண்டேன். இரண்டிலும் பெரும்பங்கு மஞ்சள் இரும்பு ஒட்சைட்டு. மா நிறத்தில் அதற்குத் துணையாகச் சிவப்பு இரும்பு ஒட்சைட்டும், கிழங்கு நிறத்தில் துணையாகக் கறுப்பும் சேர்க்கப்பட்டிருந்தன. மஞ்சளோடு கறுப்புச் சேர்ந்தால் அது வெறுமனே இருண்ட மஞ்சளாவதில்லை, பச்சைப் பக்கம் சாயும். சித்திரம் வரையும் பிள்ளைகளுக்கே தெரிந்த விடயம் இது. பச்சைக்குச் சாய்ந்த கிறீமில் செம்மண்ணின் ஒளி விழும்போது இரண்டு சாயல்களும் ஒன்றையொன்று தணித்துவிடுகின்றன. சிவப்புக்குச் சாய்ந்த கிறீமில் அதே ஒளி விழும்போது சிவப்பின் மேல் சிவப்பு ஏறுகிறது. அட்டையின் பின்பக்கத்தில் இருந்த ஒளித்தெறிப்பு எண்களை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100 என்னும் அந்த அளவில் கிழங்கு 66, மா 68. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை.

இரும்பு ஒட்சைட்டுச் சாயங்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல விரும்புகிறேன். அவை வெயிலில் வெளிறுவதில்லை, சுண்ணாம்பின் காரத்துக்கும் அஞ்சுவதில்லை. முற்றத்துச் செம்மண்ணின் சிவப்பும் இரும்பு ஒட்சைட்டுத்தான், தரைச் சீமெந்தில் கலந்த சிவப்பும் அதுவேதான். அந்த மூலப் பூச்சின் வெண்மைக்குக் காரணமான தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கு வேண்டிய இல்மனைட்டோ புல்மோட்டைக் கடற்கரை மணலில் கிடக்கிறது. ஆகவே, சுவரில் பூசுவதற்கு மிகப் பளிச்சென்ற மஞ்சள் தேவைப்படாதவரை, இந்த மண் சாயங்களால் ஆன நிறங்களையே தெரிவு செய்யலாம் என்பது என் எண்ணம். பளிச்சென்ற மஞ்சள்களுக்குப் பெரும்பாலும் சேதனச் சாயங்களே சேர்க்கப்படுகின்றன, அவற்றுள் பல வெயிலையும் காரத்தையும் இந்த அளவுக்குத் தாங்குவதில்லை.

இரவு வெளிச்சத்தையும் சோதித்தேன். கடையில் வெள்ளை எல்.ஈ.டி. விளக்கின் கீழ் இரண்டு அட்டைகளும் ஒன்றுபோலத் தெரிந்ததற்கும், வீட்டில் பிரிந்து தெரிந்ததற்கும் அந்த விளக்கும் ஒரு காரணம். வேறு வேறு சாயங்களால் ஆன இரண்டு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பது சாயத் தொழிலில் நன்கு அறியப்பட்ட விடயம். எங்கள் ஹோலில் இருந்ததும் 6500 கெல்வின் வெள்ளை விளக்கே (கெல்வின் எண் கூடினால் வெளிச்சம் நீலம் சார்ந்து குளிர்ந்து தெரியும், குறைந்தால் மஞ்சள் சார்ந்து வெம்மையாகத் தெரியும்). அதன் கீழ் கிழங்கு நிறம் மீண்டும் மாசி மாதத்து முகத்தைக் காட்டியது. அறையில் இருந்த பழைய இழை பல்பு ஒன்றைப் போட்டதும் பச்சை மறைந்தது. ஆனால் வெளிச்சம் போதவில்லை. பிறகு 3000 கெல்வின் எல்.ஈ.டி. பல்புகள் இரண்டு வாங்கி மாட்டிப் பார்த்தபோது, கிழங்கு நிறம் உரித்த கிழங்கின் உட்புறம்போலவே இருந்தது. மா நிறம் அந்த விளக்கில் பழுத்துவிட்டது.

இந்த இடத்தில் முடிவு எளிதாக இருக்கவில்லை. மார்கழியிலும் தையிலும் மாசியிலும் மா நிறமே அழகு, சித்திரை முதல் ஆவணி வரை கிழங்கு நிறமே அழகு. ஒரு வீட்டுச் சுவரைப் பருவத்துக்கு ஒரு முறை மாற்ற முடியாது. நான் இப்படி நிறுத்துப் பார்த்தேன்: கிழங்கு நிறத்தின் குறை மழைக்காலத்து மங்கல், அதை விளக்கால் சரி செய்யலாம், மா நிறத்தின் குறை வெயில் காலத்துச் சிவப்பு, அதற்கு நண்பகலில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. யன்னலைச் சாத்தி வைக்கலாம், ஆனால் சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்திக்கொண்டு யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். ஹோலுக்குக் கிழங்கு என்று தீர்மானித்தேன். அம்மாவுக்கு உடன்பாடு இருக்கவில்லை. மா நிறப் பலகையை மூன்று நாள் சாமிப் படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டு, நண்பகல் ஒவ்வொன்றிலும் அவரையே வந்து பார்க்கச் சொன்னேன். மூன்றாம் நாள், "இது வெயிலுக்கை கண்ணைக் குத்துது" என்று அவரே கழற்றி வைத்தார்.

தெற்கே உள்ள படுக்கையறையை இதற்கிடையில் நான் மறந்தே போயிருந்தேன். அதன் யன்னலுக்கு வெளியே பக்கத்து வளவின் வாழைத்தோட்டம். தரை சாதாரணச் சாம்பல் சீமெந்து. மீந்த பலகைகளை அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டபோது, ஹோலில் கண்டதன் நேர் எதிரைக் கண்டேன். வாழையிலைகளின் ஊடாக வந்த பச்சை வெளிச்சத்தில் கிழங்கு நிறம் நோயாளியின் முகம்போல வெளிறிப் பசந்தது. மா நிறத்தின் சிவப்பு அந்தப் பச்சையில் அடங்கி, முதற் சோதனையில் சுவரில் பார்த்து எல்லோரும் விரும்பிய அந்த இதமான நிறமாகவே நின்றது. ஒரு நாள் பார்வையே போதுமாக இருந்தது. அந்த அறைக்கு மா.

ஹோலுக்கு வாங்குவதற்கு முன் இன்னொரு திருத்தம் செய்தேன். பலகையில் சரியாகத் தெரியும் வெம்மையான நிறம், நான்கு சுவர்களிலும் ஏறியதும் ஒரு படி கடுமையாகும், ஏனெனில் ஒரு சுவரில் தெறித்த ஒளி மற்றச் சுவரில் பட்டு, மறுபடி தெறிக்கும் ஒவ்வொரு முறையும் நிறத்தை இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அறையின் மூலைகளில் இதைத் தெளிவாகக் காணலாம். இரண்டு பலகைகளை மூலையில் செங்கோணமாக நிறுத்திப் பார்த்தபோது, சந்திக்கும் இடத்தில் நிறம் கனத்துத் தெரிந்தது. ஆகவே கடையில் அதே கிழங்கு நிறத்தை, எல்லாச் சாயங்களையும் முக்கால் பங்காகக் குறைத்துக் கலக்கச் சொன்னேன். ஒரு லீற்றர் கலந்து, மூலைப் பரிசோதனையை மறுபடி செய்து பார்த்த பின்னரே முழு அளவையும் வாங்கினேன்.

அளவுக் கணக்கு இது: நான்கு சுவர்களும் சேர்ந்து அறுநூறு சதுர அடி, மூன்று கதவுகளுக்கும் இரண்டு யன்னல்களுக்கும் நூற்றுப்பத்துப் போனால் நானூற்றுத் தொண்ணூறு. ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்குச் சுமார் நூறு சதுர அடி ஓடும் என்று வைத்தால், இரண்டு பூச்சுக்குப் பத்து லீற்றர். பழைய சுவர் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும் என்பதால் நான்கு லீற்றர் ரின்கள் மூன்று வாங்கினேன். சமதளம் இல்லாத சுவர் என்பதால் மினுக்கம் இல்லாத மற் பூச்சு. மினுக்கம் இருந்தால் சுவரின் மேடும் பள்ளமும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுபட்டுத் தெரியும்.

மூன்று ரின்களையும் திறந்து கிண்டியபோது, ஒன்று மற்ற இரண்டையும் விட ஒரு நூல் அளவு மஞ்சளாக இருந்தது. ஒரே துண்டு, ஒரே அளவு, ஒரே நாள். இருந்தும் அப்படி நேரும். நெருங்கிய இரண்டு நிறங்களுக்கு இடையில் இவ்வளவு காலம் நின்ற எனக்கு, அந்த வேறுபாடு ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் இடையில் வருவதை ஏற்க முடியவில்லை. மூன்றையும் ஒரு இருபது லீற்றர் வாளியில் ஊற்றி, அடிவரை நன்றாகக் கிண்டி, அதிலிருந்தே எடுத்துப் பூசினோம். ஒரு அறைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரின் வாங்கும் எவரும் தவறாமல் இதைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

பூசும் வேலையில் எங்களை வருத்தியது காற்றுத்தான். ஆனியில் சோழகம் காலை ஒன்பது மணிக்கு மேல் செம்மண் தூளை அள்ளிக்கொண்டு வரும். முதல் நாள் மேற்குச் சுவரில் முதற் பூச்சு காயும் முன் அந்தத் தூள் ஒட்டி, சுவர் முழுவதும் அம்மைத் தழும்புபோலப் புள்ளி விழுந்தது. காய்ந்த பின் தேய்க்கும் கடதாசியால் தேய்த்துத் துடைத்து மறுபடி பூச வேண்டியதாயிற்று. அதன் பின் காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு நிறுத்தினோம். முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்தோம். யன்னல்களுக்கு ஈரச் சீலை கட்டினோம். அதிகாலையில் பூசுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. வெயில் ஏறிய நேரத்தில் பூச்சு மிக விரைவாகக் காய்ந்து, ரோலர் அடுத்த பட்டைக்குத் திரும்பி வருவதற்குள் முந்திய விளிம்பு இறுகி, சுவரில் கோடு விழும். ஓரங்களைப் பிறஷால் முழு அறைக்கும் முதலில் அடித்துவிட்டு ரோலரைப் பிறகு எடுத்தாலும், ஓரம் கருமையான சட்டம்போலத் தெரியும். ஒரு சுவரின் ஓரத்தைப் பிறஷால் அடித்ததும், அது ஈரமாக இருக்கும்போதே அந்தச் சுவரை ரோலரால் முடித்தோம்.

படுக்கையறைக்கு இரண்டு ரின்கள் போதுமாக இருந்தன. அங்கே சொல்வதற்கு அதிகம் இல்லை.

இப்போது ஆடி மாதம். ஹோல் முடிந்து மூன்று வாரமாகிறது. நண்பகலில் சுவர்கள் மென்மையான கிறீமாக நிற்கின்றன. தரையை ஒட்டிய ஓரடி மட்டும் சீமெந்தின் சிவப்பை வாங்கி இலேசாகச் சிவந்திருக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. குசினிக்குப் போகும் வாசலுக்குப் பக்கத்தில், குசினியின் வெள்ளை ரியூப் லைற் வெளிச்சம் விழும் இரண்டடி இடத்தில் இரவில் கிழங்கு நிறத்தின் பச்சை இன்னும் தெரிகிறது. குசினிக்கும் 3000 கெல்வின் விளக்குப் போட வேண்டும் என்று சொன்னதற்கு, மீன் வெட்டுவதற்கு வெள்ளை வெளிச்சமே வேண்டும் என்று அம்மா மறுத்துவிட்டார். அந்த இரண்டடி அப்படியே இருக்கட்டும்.

மீந்த கிழங்கு நிறம் ஒன்றரை லீற்றர் வரை இருந்தது. அதை ஒரு சிறிய ரின்னில் விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கி, சாய அளவுகள் அச்சிட்ட துண்டை ஒட்டி, "முக்கால் பங்கு, ஹோல்" என்று எழுதி, வெயில் படாத அறையில் வைத்திருக்கிறேன். பலகைகள் நான்கையும் எறியவில்லை. கார்த்திகை மழையில் வானம் இருண்டிருக்கும் நாட்களில் அவற்றை மறுபடி தொங்கவிட்டுக் கொப்பியில் குறிக்க வேண்டும்.